எல்லைக்கோட்டுக்குக் கீழே

பாறையை உடைத்து வாயு எடுக்கும் ஷேல் கிணறு சாகிற விதமே தனி. மற்ற எண்ணெய்க் கிணறுகள் கௌரவமாக மூப்படைந்து, கௌரவமாகக் கண்ணை மூடும். ஷேல் கிணறு திடீர்ப் பணக்காரன் மாதிரி முதல் வருஷம் ஆட்டம் போடும். இரண்டாம் வருஷம் பாதிக்குமேல் கரைந்துவிடும். அப்புறம் முப்பது வருஷம் சாகவும் சாகாமல், பிழைக்கவும் பிழைக்காமல், மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கும். இந்தக் கடைசிக் கட்டத்துக்குத் தொழிலில் 'வால்' என்று பெயர். கம்பெனிகள் முதலீட்டாளர்களிடம் விற்பது தலையை அல்ல, வாலைத்தான்.

அந்த வால் எவ்வளவு நீளம் என்று சொல்வதுதான் அருணகிரியின் வேலை. பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் முதல் பதினைந்து வருஷம் தப்பாகவே சொன்னார். "நான் கணித்து அப்படியே பலித்தது ஒன்றே ஒன்றுதான். என் கல்யாணம் நாலு வருஷம் தாங்காது என்றேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு 2037இல் ஜோசியர் வந்தார். அது ஒரு மென்பொருள். கம்பெனி வைத்த பெயர் பன்னிரண்டு எழுத்து ஆங்கிலம். வாயில் நுழையாததால் எல்லோரும் ஜோசியர் என்றே கூப்பிட்டார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், தண்ணீரும் மணலும் அடித்து உடைத்த பாறையின் விரிசல்களை அது காது வைத்துக் கேட்டது. ஒரு கிணற்றில் இன்றைக்கு எவ்வளவு வாயு வரும், அடுத்த வருஷம் தை மாதம் எவ்வளவு வரும் என்று நாள் வாரியாகச் சொன்னது. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அதனால் அருணகிரிக்கு வேலை போகவில்லை. மாறியது, அவ்வளவுதான். ஜோசியர் சொல்லும் கோட்டில் முதலீட்டாளர்களுக்குப் பிடிக்காத பள்ளங்கள் இருக்கும். அவற்றை வழவழப்பாக்க ஒரு மனிதக் கை வேண்டும். அலுவலகத்தில் இதற்கு 'இஸ்திரி போடுவது' என்று பெயர். அருணகிரி அருமையாக இஸ்திரி போடுவார்.

2041 ஏப்ரலில் ஒரு நாள், ஜோசியரைப் பராமரிக்கும் ஷெர்லி அவரைக் கூப்பிட்டாள். நாகர்கோவில்காரி, முப்பது வயசு, யாருக்கும் பயப்படாதவள்.

"சார், கீழச்செங்குடி பாத்தியளா? பதினாலு கிணறும்."

ராமநாதபுரம் பக்கத்துக் கீழச்செங்குடி. ஊரை நடுவில் வைத்துச் சுற்றிலும் கிணறுகள். திரையில் பதினாலு கோடுகள் ஒழுங்காகச் சரிந்துகொண்டே வந்து, ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி அன்று ஒரே இடத்தில் கீழே விழுந்திருந்தன. நேராக. பூஜ்யத்துக்கு.

"இது சரிவு இல்லை, வெட்டாக்கும்" என்றாள் ஷெர்லி.

அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். கோடு அதே இடத்தில்தான் இருந்தது. "கிழவர்கள் தனித்தனியாகத்தான்மா சாவார்கள். பதினாலு பேர் ஒரே நாளில் செத்தால் அது மூப்பு இல்லை, விபத்து. என்ன காரணம் என்கிறது?"

"காரணம் சொல்லாது சார். எவ்வளவு வரும்னு மட்டும்தான் சொல்லும். பாறையை மட்டுமா படிக்குது? கம்பெனிக் கடிதம், லாரி வரத்து, அரசாங்க உத்தரவு, ஆளுங்க லீவு லெட்டர், எல்லாத்தையும் சேத்துப் படிக்கும். போன வருஷம் மூணாம் கிணறு ஒன்பது நாள் நிக்கும்னு சொல்லிச்சே, ஞாபகம் இருக்கா? பூமிக்குள்ள என்னமோன்னு பதறினோம். பம்ப் ஆபரேட்டர் தங்கச்சிக்குக் கல்யாணம்."

"பதினாலு கிணற்றுக்கும் ஒரே நாளில் தங்கச்சி கல்யாணமா?"

ஷெர்லி சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மேலாளர் ரகோத்தமன் கோட்டை மூன்று வினாடி பார்த்தார். "பங்குதாரர் கூட்டம் பத்தாம் தேதி. இஸ்திரி போட்டுடுங்க."

"சார், அந்தக் கிணறுகளுக்கு நடுவில் அறுநூறு பேர் இருக்கிறார்கள்."

"அறுநூறு பேரும் பங்குதாரர்களா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

அருணகிரி வீரராக இருந்திருந்தால் அங்கேயே ராஜினாமாக் கடிதத்தை எறிந்திருப்பார். அவர் வீரர் இல்லை. தன் இருக்கைக்குத் திரும்பி, பதினாலு கோடுகளையும் எடுத்து, ஆகஸ்ட் பதினெட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தார். முப்பது வருஷ வால், மடிப்புக் கலையாமல் வந்தது. அதை ரகோத்தமனுக்கு அனுப்பினார். அப்புறம் இஸ்திரி போடாத கோட்டை ஒரு தாளில் அச்செடுத்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மறுநாள் ராமநாதபுரம் பஸ் ஏறினார்.

கீழச்செங்குடி பள்ளத்தில் இருந்தது. சுற்றிலும் கருவேலங்காடு, மேற்கே உயரமான கண்மாய்க் கரை. பஞ்சாயத்துத் தலைவி பூமயில் ஐம்பது வயசு அம்மாள்; பஞ்சாயத்து ஆபீசில் கம்ப்யூட்டர் மேல் முறத்தை வைத்து உளுந்து காயவைத்திருந்தார். அருணகிரி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"என்னதாங்க ஆகும்?"

"தெரியாதும்மா."

"எப்ப ஆகும்?"

"ஆகஸ்ட் பதினெட்டு."

"நல்லா இருக்கு. முகூர்த்த நேரத்தப் போட்டுட்டு மாப்பிள்ள பேரப் போடாம பத்திரிக அடிச்சிருக்கீக." கோட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். "இந்தக் கோடு பொய் சொல்லுமா?"

"நான் சொல்லுவேன். அது சொல்லாது."

பூமயில் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதில்தான் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அறுநூறு பேரும் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மனு, விசாரணை, நீதிமன்றம், மறுபடி மனு. இஸ்திரி போடாத தாள் செய்தித்தாள்களில் வந்தது. அருணகிரிக்கு வேலை போனது. கடைசியில் கலெக்டர் உத்தரவு போட்டார்: முன்னெச்சரிக்கையாகப் பதினாலு கிணறுகளையும் சிமெண்ட் போட்டு மூட வேண்டும், ஊர்மக்களை அப்புறப்படுத்த வேண்டும்.

ஊர் மொத்தமும், மாணவர்கள் வராமல் மூடிக் கிடந்த ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனது. அருணகிரியும் கூடவே போனார். மூன்று நாள், மூன்று வேளையும் உப்புமா. ஆகஸ்ட் பதினெட்டு மாலை நாலு மணிக்குக் கடைசிக் கிணற்றில் சிமெண்ட் இறங்கியது. எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கொக்கு பறந்தது.

பத்தொன்பதாம் தேதியும் ஒன்றும் நடக்கவில்லை. இருபதாம் தேதி மாயழகு அருணகிரிக்கு எதிரே வந்து நின்றான். ஏழாம் கிணற்றில் ஆபரேட்டராக இருந்தவன். கிணற்றை மூடியதில் வேலை போன எண்பது பேரில் ஒருவன்.

"என்ன சார், பூமி லீவு போட்டுருச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கடன ஒடன வாங்கி மாடி எடுத்தேன் சார். பாதிச் சுவத்துல நிக்கிது. ஒங்க கோட்ட வச்சு மீதிச் சுவத்தக் கட்டிக்கிறவா?"

அன்று மாலை ஷெர்லி போனில் சொன்னாள்: "சார், நாம எவ்வளவு பெரிய மடையங்க. ஆகஸ்ட் பதினெட்டு கிணறு எல்லாம் பூஜ்யம்னு சொல்லிச்சு. ஆச்சு. நீங்க போய்ச் சொல்லுவீங்க, ஊரு ரோட்டுல உக்காரும், கலெக்டர் உத்தரவு போடுவாரு, எல்லாத்தையும் சேத்துத்தான் கணக்குப் போட்டிருக்கு. வெட்டுனது பூமி இல்லை சார். நீங்க."

அருணகிரி கல்லூரி வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார். வேலை போயிருந்தது, மானம் போயிருந்தது. ஆனால் அறுநூறு பேரும் உயிரோடு உப்புமாவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் இதைவிட நல்ல தோல்வி அவருக்கு வாய்த்ததில்லை. கலெக்டர் ஆபீசில் வல்லுநர் கருத்து கேட்டார்கள். இருபத்தொன்றாம் தேதி எழுதிக் கொடுத்தார்: கணிப்பு நிறைவேறிவிட்டது, ஆபத்து இல்லை, மக்கள் ஊர் திரும்பலாம். கீழே கையெழுத்து.

ஊர் திரும்பியது.

இருபத்துநாலாம் தேதி அவர் சென்னை வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது ஷெர்லி மறுபடி கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"சார், அறிக்கையில எல்லைக்கோடுன்னு ஒண்ணு இருக்குல்லா. அதை யாரு வச்சது?"

"நான்தான். ஏன்?"

தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கிணற்றிலிருந்து வருவது காவல்காரன் சம்பளத்துக்குக்கூடக் காணாது என்கிற அளவுக்கு இறங்கிவிட்டால், அங்கே ஒரு கோடு போட்டு அறிக்கையை முடித்துவிடுவார்கள். அதற்குக் கீழே ஜோசியர் என்ன சொன்னாலும் அச்சாகாது. செத்த கிணற்றின் ஜாதகத்தை யார் படிப்பார்கள்? உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் எவரும் படித்ததில்லை.

"அந்தக் கோட்டை எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன் சார். சும்மாதான். பதினெட்டு பூஜ்யம். பத்தொன்பது பூஜ்யம். அப்படியே பத்து நாள். இருபத்தெட்டாம் தேதி காலையில பதினொண்ணு நாப்பதுக்கு ஏழாம் கிணத்துலயும் பதினோராம் கிணத்துலயும் வருது."

"எது வருது?"

"வாயு. முதல் வருஷம் வந்ததைப் போல ஆறு மடங்கு."

"மூடின கிணற்றிலா? சிமெண்டை உடைத்துக்கொண்டா?"

"சிமெண்டைச் சுத்திக்கிட்டு. பதினோரு வருஷமாக் கழிவுத்தண்ணியை அங்கயே பூமிக்குள்ள தள்ளினோம். கீழ அழுத்தம் ஏறிக்கிட்டே இருந்திருக்கு. பதினாலு கிணறும் திறந்திருந்த வரைக்கும் அது மூச்சு விட்டுச்சு. குக்கர் விசில் பதினாலையும் நாம அடைச்சுட்டோம் சார்."

நாம் என்று அவள் சொன்னது பெருந்தன்மை. அந்த வாயுவில் என்ன விஷம் கலந்திருக்கிறது என்று அருணகிரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த வாடையும் தெரியாமல் போகும். மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் போய்ப் படுக்கும்.

ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது.

ரகோத்தமன் போனை எடுத்தார். "அருணகிரி, போன தடவை ஒரு கோட்டைக் காட்டிப் பதினாலு கிணற்றை மூட வச்சீங்க. இப்ப மூடினதால ஆபத்துன்னு இன்னொரு கோடா? திறக்கணும்னாலும் துளைபோடுற வண்டி எல்லாம் ராஜஸ்தான் போயாச்சு. உடம்பைப் பாத்துக்குங்க." கலெக்டர் ஆபீசில் அவர் கையெழுத்தையே அவருக்கு எடுத்துக் காட்டினார்கள். ஆபத்து இல்லை, மக்கள் ஊர் திரும்பலாம். பூமயிலுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஊரில் வேறு ஒருவர் எடுத்தார். அருணகிரி வாயைத் திறப்பதற்குள், "புலி வருதா சார்? இந்தத் தடவ எத்தன புலி?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லி இனி ஒரு கோழியைக்கூட அந்த ஊரிலிருந்து கிளப்ப முடியாது என்று அருணகிரிக்குப் புரிந்தது. அவரிடம் மீதி இருந்தது ஒரே ஒரு கைத்தொழில். உட்கார்ந்து இஸ்திரி போட ஆரம்பித்தார். இரண்டு மணி நேரத்தில் ஓர் அரசு அறிவிப்பு தயாரானது: கீழச்செங்குடி குடும்ப அட்டைதாரர்கள், அட்டையில் பெயருள்ள அனைவரும், முதியோர், நோயாளிகள் உட்பட, இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பரமக்குடி திருமண மண்டபத்தில் நேரில் ஆஜராகிக் கைரேகை பதிய வேண்டும், தவறினால் பெயர் நீக்கப்படும். சர்வர் பழுதின் காரணமாக மைப்பெட்டி பயன்படுத்தப்படும். காலை எட்டு மணிக்குப் பேருந்து வசதி உண்டு.

சர்வர் பழுது என்ற இரண்டு வார்த்தையில்தான் அது அசல் அரசு அறிவிப்பு ஆனது. ஊர் வாட்ஸ்அப்பில் போட்ட அரை மணி நேரத்தில் நாற்பது பேர் அரசாங்கத்தைத் திட்டியிருந்தார்கள். அருணகிரிக்குக் கண் கலங்கியது. நம்பிவிட்டார்கள்.

இருபத்தெட்டாம் தேதி பத்து மணிக்கு, அருணகிரி வாடகைக்குப் பிடித்த எட்டு பஸ்ஸும் வந்து சேர்ந்தன. மண்டபத்தில் ஷெர்லி பத்து மேஜை போட்டு, ஒன்பதில் கூலிக்கு ஆள் உட்காரவைத்து, கழுத்தில் ஓர் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பத்தாவதில் உலகத்திலேயே மெதுவான அரசு ஊழியையாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு விரலையும் துடைத்தாள், மை தடவினாள், சரியாகப் பதியவில்லை என்று மறுபடி துடைத்தாள். அருணகிரியின் முகம் ஊருக்கே தெரியும் என்பதால் அவர் சமையல்கட்டில் பெரிய அண்டாவுக்குப் பின்னால் நின்று, பரிமாறுகிற ஜன்னல் வழியாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கய்யா இருக்கு?" என்றபடி உள்ளே வந்த பூமயில், அவரைப் பார்த்து நின்றார். அருணகிரி அண்டாவைப் பிடித்துக்கொண்டார்.

பூமயில் சத்தம் போடவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். "நெனச்சேன்."

"எப்படிம்மா?"

"கவர்மெண்டு வாங்கன்னு சொல்லும். அம்புட்டுத்தான். பஸ்ஸா அனுப்பும்? பஸ்சு வந்து நிக்கிதுன்னா எவனோ நம்ம மேல அக்கற உள்ளவன் செஞ்ச வேலன்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம மேல அக்கறப்பட்டு ஊரக் கெடுத்தது ஒரே ஆளுதான்."

"தெரிந்துமா வந்தீர்கள்?"

"மொதத் தடவ நெசத்தச் சொன்னீக, பஸ்ஸு ஏறி வந்தேன். இப்ப ஒரு மனுசன் இம்புட்டு மெனக்கெட்டுப் பொய் சொல்லுறாருன்னா, நெசம் எம்புட்டுப் பெருசா இருக்கணும்?" தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எத்தன மணிக்கு?"

"பதினொன்று நாற்பது."

"எப்பத் திரும்பலாம்?"

இதைத்தான் அவரும் ஷெர்லியிடம் கேட்டிருந்தார். அவள் திரையை நகர்த்திக்கொண்டே போனாள். ஒரு வருஷம், பத்து வருஷம், முப்பது வருஷம். வாழ்நாளெல்லாம் அவர் எந்தக் கிணற்றிலும் பார்த்திராத ஒன்று அதில் இருந்தது. கோடு இறங்கவே இல்லை. அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார். பூமயில் அந்தக் குனிந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் வீட்டில் முறத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருந்ததோ, கொடியில் சேலை கிடந்ததோ, எதை நினைத்தாரோ. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் வந்துவிட்டார்களாம்மா?"

"மாயழகு வரல. பொண்டாட்டி பிள்ளய ஏத்தி விட்டுட்டான். பேர எடுத்தா எடுக்கட்டும், இனிமே எவன் கூப்புட்டும் எங்கயும் வரமாட்டேன்னு வீட்டுலயே இருக்கான்."

மணி பதினொன்று இருபத்தாறு. வெளியே வரிசை முடிந்துவிட்டது. டிரைவர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். "வேல முடிஞ்சிருச்சுல்ல, ஏறு ஏறு" என்று யாரோ கத்தினார். ஷெர்லி எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்தாள். அவளிடம் பதிய விரல் இல்லை.

பூமயில் மாயழகின் நம்பரைச் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். மண்டபத்து மைக்கை எடுத்தார்.

"யாரும் வண்டியில ஏறாதீக! வலது கைதான் முடிஞ்சிருக்கு. எடது கை பாக்கி. எடது கை இல்லாட்டிச் செல்லாதாம். மறுபடி வரிசையில நில்லுங்க."

மண்டபமே அரசாங்கத்தின் ஏழு தலைமுறையைத் திட்டியது. திட்டிக்கொண்டே வரிசையில் நின்றது.

அருணகிரி நம்பரை அழுத்தினார். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ஆறாவது தடவை, பதினொன்று முப்பத்தெட்டுக்கு, எடுத்தான்.

"யாரு?"

"மாயழகு, நான் அருணகிரி. வைத்துவிடாதப்பா. ஒன்றும் கேட்காதே. மேற்கே ஓடு. கண்மாய்க் கரை மேல் ஏறிவிடு. வண்டி இருந்தால் எடு."

"யோவ், நீயா?" சிரித்தான். "விடமாட்டியா நீ? இப்ப என்ன கோடு..." சிரிப்பு நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "என்னமோ வாட வருது சார். கோழி முட்ட எங்கயும் ஒடஞ்சு கெடக்கா..."

"வீட்டைவிட்டு வெளியே வா. மேட்டுக்குப் போ. இப்பவே."

அவன் பதினோரு வருஷம் கிணற்றில் வேலை பார்த்தவன். அந்த வாடை என்னவென்று அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். கதவு திறக்கிற சத்தம், செருப்புச் சத்தம். ஓடினான். அப்புறம் நின்றான்.

"சார், ஊரு ஆடு பூராக் கட்டிக் கெடக்கு சார். எல்லாரும் கட்டிப் போட்டுட்டுல்ல போயிருக்காக."

"விட்டுவிடுப்பா. நீ போ."

"அவுத்துவிட எம்புட்டு நேரமாகும்? நாலு வீடு. நீங்க வைக்காதீக, இந்தா வந்துட்டேன்."

போனை எங்கோ சுவரில் வைத்தான் போலிருந்தது. ஆடுகள் கத்துவது கேட்டது. நிறைய ஆடுகள். நடுவில் அவன் குரல், "போ, அங்கிட்டுப் போ," குளம்புச் சத்தம், இன்னொரு கயிறு, இன்னொரு "போ." கொஞ்சம் தள்ளி. இன்னும் தள்ளி. அருணகிரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்.

கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஓடிப் போய்க் குறைகிறதா, வேறு மாதிரிக் குறைகிறதா என்று அவரால் கணிக்க முடியவில்லை. கடைசியில் ஒரே ஓர் ஆடு விட்டு விட்டுக் கத்தியது. அப்புறம் அதுவும் இல்லை. காற்றுச் சத்தம் மட்டும்.

ஜன்னலுக்கு வெளியே பூமயிலின் குரல் மைக்கில் கொஞ்சமும் அசையாமல் வந்துகொண்டிருந்தது. "அடுத்த ஆளு வாங்க. எடது கைய நல்லா நீட்டுங்க." வரிசையில் மாயழகின் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு, நாலாவதாக நின்றாள்.

அருணகிரி போனை வைக்கவில்லை.